ஜூனுக்கு முன்னால் தெற்கே

டிரல் விரிகுடா,
கரியாகு, கிரெனடா.
மே மாதம்

அன்புள்ள வசந்தா,

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது எங்கள் இருவருக்கும் மிகுந்த நிம்மதி. பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கரீபியன் கடலில் தீவு தீவாகச் சுற்றும் உங்களுக்கு நாள் கிழமையாவது நினைவிருக்கிறதா என்று கேலியாகக் கேட்டிருக்கிறாய். கிழமை மறந்துபோவது உண்மைதான். மாதத்தை மறக்க மட்டும் இங்கே வழியில்லை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அது தொடங்கும்போது படகு எங்கே இருக்க வேண்டும் என்பதை வைத்தே எங்கள் ஆண்டு முழுவதும் அமைகிறது.

டிசம்பரிலிருந்து கிழக்கும் வடகிழக்குமாகத் தடக்காற்று ஓயாமல் வீசுகிறது. தீவுகள் வடக்குத் தெற்காக வரிசையில் கிடப்பதால், காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு மார்ட்டினிக்கிலிருந்து செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், பெக்வே வழியாகக் கிரெனடா வரையிலான ஏறக்குறைய 150 கடல்மைலைப் பகல் பயணங்களாகவே முடித்துவிடலாம். மலைத்தீவுகளின் மேற்குக் கரையோரம் போகையில் மலை காற்றை மறைத்துவிட, பாய் தொங்கிப்போய் எஞ்சினை ஓட்ட வேண்டிவரும். தீவின் முனையைத் தாண்டியவுடனே அட்லாண்டிக் அலையும், இரு தீவுகளுக்கிடையே நெருக்குண்டு வேகமெடுத்த காற்றும் ஒருசேர வந்து மோதும். ஆகவே முனை வருமுன்பே இவர் பாயைச் சுருக்கிவிடுவார். நான் அடுப்படியில் உருளக்கூடியவற்றையெல்லாம் கட்டிவைத்துவிடுவேன். கிரெனடா நாட்டைச் சேர்ந்த சிறு தீவான இந்தக் கரியாகுவிலிருந்து கிரெனடாவின் பெரிய தீவுக்குப் போகும் வழியில் கிக் எம் ஜென்னி என்றொரு கடலடி எரிமலை வேறு இருக்கிறது. 1939-இல் வெடித்தபோதுதான் அது அறியவந்தது. அமைதியான நாளிலும் அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் படகுகள் நுழையக் கூடாது. சீற்றம் கூடினால் அந்த எல்லை 5 கிலோமீட்டராகும். வரைபடத்தில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே மதியச் சோற்றுக்கு அரிசி களைவது எப்படியிருக்கும் என்று நீயே எண்ணிப்பார்.

ஓய்வான வாழ்க்கை என்று நினைக்காதே. குடிநீர் வாரியமும் மின்வாரியமும் நாமேயாகிவிட்ட வீடு இது. கூரைமேலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி ஓட வேண்டும், குளிர்பெட்டியும் ஓட வேண்டும். மேகமூட்டம் நீடித்தால் இரண்டில் ஒன்றை நிறுத்திவைக்கிறோம். பாத்திரத்தைக் கடல்நீரில் துலக்கி, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுகிறேன். சமையலுக்குக் குறைவில்லை. 1793-இல் ஆங்கிலேயக் கேப்டன் பிளை செயின்ட் வின்சென்ட்டுக்குக் கொண்டுவந்த சீமைப்பலா இப்போது எல்லாத் தீவுகளிலும் காய்க்கிறது. அதைப் பொரியல் செய்தால் இவர் சோற்றையே மறந்துவிடுகிறார். பருப்புக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் இன்னும் தெற்கேயுள்ள ட்ரினிடாட் தீவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் சண்டை போடுவதில்லையா என்று கேட்டாய். இவர் சரக்குக் கப்பலில் இருந்த காலத்தில் ஆண்டில் பாதி நாள்கூட நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போதோ ஒருவரைவிட்டு ஒருவர் பத்தடி விலகவே இடமில்லை. தொடக்கத்தில் எங்கள் சண்டையெல்லாம் நங்கூரம் போடும்போதுதான் வந்தது: முன்னணியத்தில் நான், பின்னால் சுக்கானில் இவர், நடுவில் எஞ்சின் இரைச்சலும் காற்றும். கத்துவதைக் கைவிட்டுக் கைச்சைகைகளை ஏற்படுத்திக்கொண்டோம். இப்போது நான் கையை உயர்த்தினால் படகு நின்றுவிடுகிறது. இல்லறத்தின் மற்ற விவகாரங்களுக்கு அப்படியொரு சைகை இன்னும் அமையவில்லை.

பயத்தைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். கிரெனடா 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. புயல்கள் இவ்வளவு தெற்கே வருவது அரிது என்பதால் படகுக்காரர்கள் பலர் பருவம் முழுவதையும் இங்கேயே கழிப்பார்கள். 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவைச் சூறையாடியது. நாளாக ஆக அந்தப் பழைய நம்பிக்கை மீண்டும் துளிர்த்துவிட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல், பருவம் தொடங்கி ஒரு மாதமே ஆன நிலையில், மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் இந்தக் கரியாகுவிலேயே கரையேறியது. இங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் பத்திரமென்று நம்பிக் கட்டிவைத்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. ஊருக்குள் சேதமில்லாத வீட்டைப் பார்ப்பதே அரிதாயிற்று. நாங்கள் அப்போது ட்ரினிடாடில் இருந்தோம், படகுக்கு ஒரு கீறலும் இல்லை.

அதிலிருந்து என் மனத்தில் இருப்பதைப் பயம் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் வாழ்க்கையைச் சுதந்திரமானது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தச் சுதந்திரத்தில் பெரும்பங்கு, தீங்கு வருமுன் விலகிப் போக முடிகிற வசதிதான். எனக்குக் காய்கறி விற்கும் அம்மாள் போன வாரம், "இந்த ஆண்டு எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் தேதியைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வேண்டிய அளவுக்கு மேலாகவே தக்காளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவரிடம் சொன்னபோது, நாம் இங்கேயே இருந்தால் மட்டும் அவருக்கு என்ன நன்மை என்றார். அதுவும் சரிதான். இருந்தும் எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் காற்று சாதகமானால் கிரெனடாவிலிருந்து ஓர் இரவுப் பயணமாக ட்ரினிடாடுக்குப் போகிறோம். நீரோட்டம் மேற்கே இழுக்கும் என்பதால் கொஞ்சம் கிழக்கே பிடித்தே ஓட்ட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி விழித்திருப்போம். அங்குள்ள சாகுவராமஸில் படகைக் கரையேற்றி, பாய்களைக் கழற்றிவைத்துவிட்டு, ஜூலை முதல் வாரத்தில் தஞ்சாவூருக்கு வந்துசேர்வோம். மாடிவீட்டில் குடியிருப்பவர்கள் காலி செய்துவிட்டார்களா என்று அண்ணனை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல். தண்ணீர்த் தொட்டியையும் கழுவிவைக்க ஆள் சொல்லிவிடு. உனக்கு ஜாதிக்காய் கொண்டுவருகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஜூன் 15-க்குள் எழுது.

அன்புடன்,
கௌரி