அங்கன்வாடியில் வாரம் ஒரு நாள் மாவில் எழுத்து: ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு அம்மா எழுதுகிறேன். மையங்களில் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், பிள்ளைகள் மாவு உருட்டி எழுத்து செய்து, அதை வேகவைத்துச் சாப்பிட வழி செய்யுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கும் அளவுக்கு விரல் இன்னும் திடப்படவில்லை. ஆனாலும் ‘எப்போ எழுத வைப்பீங்க?’ என்று டீச்சரை நச்சரிப்பது எங்களைப் போன்ற பெற்றோர்தான். மாவு உருட்டினால் அந்த விரல்களுக்கே வேலை கிடைக்கும், எழுத்தும் கண்ணில் பதியும்.

கொழுக்கட்டை மாவு போதும். பச்சரிசி மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைவது பெரியவர் வேலை. ஆறிய பிறகு பிள்ளைகள் கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, எலுமிச்சை அளவு மாவு கொடுத்தால் தட்டில் வைத்துத் திரிபோல் உருட்டிக்கொள்வார்கள். மாவில் வெடிப்பு விட்டால் கையை நனைத்துக்கொண்டு மறுபடி உருட்டலாம். பிறகு இட்லிச் சட்டியில் ஆவி.

தயவுசெய்து ‘அ’வில் ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சுழி வேகும்போது உப்பி அடைத்துக்கொண்டு வெறும் கட்டியாகிவிடும். முதலில் ‘ட’. நிற்க ஒரு குச்சி, படுக்க ஒரு குச்சி, முடிந்தது. அப்புறம் ‘ப’, அதற்கப்புறம் ‘ம’. புள்ளிக்குக் கறுப்பு எள். இந்த மூன்று எழுத்தையும் எள்ளையும் வைத்தே படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். எள் பாதி வாய்க்குள் போகும், போகட்டும். தோசைக்கல்லில் எழுத்து ஊற்றினால் மட்டும் திருப்பிப் போடாமல் மூடி வைத்து வேகவிடச் சொல்லுங்கள். திருப்பினால் ‘ட’ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும்.

உயிரெழுத்தை வாயால் சொல்லிச் சாப்பிடலாம். ‘அ’ நாளில் அவல். அடுப்பே வேண்டாம். பிள்ளைகளே தண்ணீர் தெளித்து, வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசையலாம். ஆப்பம், இட்லி, ஈச்சம்பழம், உளுந்து வடை, ஊத்தப்பம் என்று சுலபமாக ஓடும். ‘ஐ’ வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஐஸ் என்றுதான் கத்தும். ‘ஔ’வுக்கு ஔவையாரைத்தான் கூப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. அடுப்புப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. முழு வேர்க்கடலை இந்த வயதில் தொண்டையில் சிக்கும், வேண்டாம். ஈச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கித்தான் தர வேண்டும். கை கழுவாமல் மாவைத் தொடக்கூடாது. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

அங்கன்வாடிகளை நடத்தும் இந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சத்துணவும் முன்பருவக் கல்வியும் அப்போதிருந்தே இதன் பணிகள். 2023இல் மத்திய அரசு ‘போஷண் பீ, படாய் பீ’ (ஊட்டச்சத்தும் உண்டு, படிப்பும் உண்டு) என்று இந்தியில் பெயர் வைத்து இரண்டையும் சேர்த்தே பேசியது. ஆனால் மையத்தில் பாட்டும் கதையும் ஒரு நேரம், சாப்பாடு வேறொரு நேரம். இரண்டும் ஒரே தட்டுக்கு வர ஒரு படி மாவும், ‘செய்யலாம்’ என்ற ஒரு சுற்றறிக்கையும் போதும். டீச்சர் தன் கைக்காசில் மாவு வாங்கும்படி ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. மைய விவரங்களை ஏற்றும் போஷண் டிராக்கர் செயலியில் பதிவு போட்டே டீச்சர்களுக்குக் கை வலிக்கிறது. இதற்கும் படம் எடுத்து ஏற்று, பதிவேட்டில் கையெழுத்துப் போடு என்று சொல்லிவிடாதீர்கள். எந்தப் பிள்ளை எத்தனை எழுத்து செய்தது என்ற கணக்கும் வேண்டாம். ஆயா இல்லாமல் ஒரே பணியாளர் நடத்தும் குறு மையங்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அங்கே தாய்மார் யாராவது வந்து உதவ அனுமதி கொடுங்கள். கூப்பிட்டால் நான் வருவேன், மாவும் பிசைந்து எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடிப் பிள்ளையின் அம்மா