மார்லி இல்லாத சனிக்கிழமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜமைக்காவின் ரெக்கே இசை பற்றிய கட்டுரையை ஆவலோடு எடுத்தேன். ரெக்கே பாடகர் பாப் மார்லியின் சடைமுடி, கிதார், 1981 மே 11 அன்று அவர் மறைந்த செய்தி எல்லாம் சரிதான். ஆனால் லண்டன் ரெக்கே நடன விடுதிகளில் விடிய விடிய அவர் பாடல்களே ஒலித்தன என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

1982 முதல் மூன்று வருடம், வடக்கு லண்டனில் ஒரு கடைக்கு அடியில் நிலவறையில் இருந்த நடன விடுதிக்கு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையும் ரெக்கேயும் ஒலித்த இடத்துக்கு, சனிக்கிழமை தோறும் போனவன் நான். அங்கே மார்லியின் குரலைக் கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருடைய இசைத்தட்டு எல்லார் வீட்டிலும் இருந்தது. வீட்டில் இருப்பதைக் கேட்கக் காசு கொடுத்து யார் படியிறங்குவார்கள்?

பன்னிரண்டு மணி வரை அமெரிக்க சோல். டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஆகிய நிறுவனங்களின் இசைத்தட்டுகள். அதன் பிறகு ‘லவர்ஸ் ராக்’. கட்டுரையில் இந்தப் பெயரே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். இது ஜமைக்காவிலிருந்து வந்த சரக்கு அல்ல. 1970களில் லண்டனிலேயே பிறந்தது. கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகள் சோலின் இனிமையை ரெக்கேயின் பேஸ் கிதார் மேல் ஏற்றிப் பாடினார்கள். பாடியவர்களில் பெண்களே அதிகம். 1979-இல் ஜேனட் கேயின் ஒரு பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. சோலும் ரெக்கேயும் அண்டை வீடுகள்தான். மார்லியே 1977-இல் பதிவு செய்த ‘ஒன் லவ்’ பாடலில் அமெரிக்க சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் வரிகளை எடுத்தாண்டிருக்கிறார்.

தட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போடுபவரை ‘செலக்டர்’ என்போம். எங்கள் செலக்டரிடம் ஒரே ஒரு ரெக்கார்டு பிளேயர். ஒரு தட்டு முடிந்து அடுத்தது ஏறும் வரை மைக்கில் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார், போட்டிக்காரர்கள் பெயரைப் பார்த்து வாங்கிவிடக் கூடாதே! நான் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் சுவரில் ஓங்கி அடிக்கும். உடனே ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போடுவார். ஒரே பாட்டை அடுத்தடுத்து நான்கு முறை கேட்ட இரவும் உண்டு.

நகர மையத்துப் பெரிய விடுதிகள் என்னையும் ஜமைக்கக் குடும்பத்து நண்பனையும் வாசலிலேயே பார்வையால் அளந்து, இன்று உறுப்பினர்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. நிலவறையில் அந்த வம்பு இல்லை. கோட்டுகளை வாங்கி வைக்கும் அம்மாள் இளஞ்சிவப்பு டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். நான் அதைத் தொலைக்காத வாரம் அபூர்வம். பெட்ரோல் நிலையத்தில் வேலை முடித்து நேராக வருவேன். அவர் வரிசையாகக் கோட்டுகளை முகர்ந்து பார்த்து என்னுடையதை எடுத்துத் தந்துவிடுவார்.

1984 ஏப்ரல் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயை அவருடைய தந்தையே சுட்டுக் கொன்றார். மறுநாள் அவருக்கு 45 வயது நிறைந்திருக்கும். அந்த வாரச் சனிக்கிழமை செலக்டர் மைக்கைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மார்வின் கே மட்டும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் ஸ்பீக்கரின் உறுமல் மாத்திரம் கேட்டது. யாரும் சுவரில் அடிக்கவில்லை. கோட்டு அம்மாள் தன் இடத்தை விட்டு வந்து கதவருகே நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கட்டுரையாளர் இளைஞராக இருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை லவர்ஸ் ராக் பாடிய பெண்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

எனக்கு இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை. ஸ்பீக்கர் பெட்டி இருந்த பக்கம் அதுதான். இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். பேத்தி பக்கத்தில் இருந்ததால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
லண்டன்