நிலச்சீட்டுகளை நீக்கிவிட வேண்டாம்: நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சத்துவாச்சாரியில் ஞாயிறுதோறும் கூடும் நம் சீட்டு விளையாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேஜிக்: த கேதரிங் விளையாட்டில் மற்றச் சீட்டுகளை இறக்கச் செலவிடும் சக்திக்கு மானா என்று பெயர்; அதைத் தருபவை நிலச்சீட்டுகள். அடுத்த மாதம் முதல் அந்த விளையாட்டை நிலச்சீட்டுகள் இல்லாமலே ஆடுவது, சுற்றுக்கு ஒரு மானா ஆளுக்குத் தானாகக் கூடிக்கொண்டு போவது, அதை எந்த நிறத்துக்கும் செலவிடலாம் என்று சென்ற வாரம் நீங்கள் எடுத்த முடிவை மறுபடி யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அந்த முடிவுக்குக் காரணமான ஆட்டம் நடந்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றான். மூன்றாவதில் காடு என்னும் நிலச்சீட்டு ஒன்று மட்டும் மேசையில் கிடக்க, கை நிறையச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றையும் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த யாருக்கும் இந்த நிலச்சீட்டுகளே வேண்டாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவன் கட்டை வாங்கி எண்ணிப் பார்த்தேன். 60 சீட்டுகளில் நிலம் வெறும் 14. கையில் கிடைத்த டிராகன் சீட்டுகளில் ஒன்றையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்திருந்தான். அவற்றுக்கு இடம் விட்டு வெளியேறியவை நிலங்கள். 60 சீட்டுக் கட்டுக்கு 24 நிலம் என்பது பொதுவாக நாம் தொடங்கும் கணக்கு. அப்படி வைத்தால், முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் நிலமே இல்லாமலோ ஒன்று மட்டும் வந்தோ தவிப்பது நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 14 ஆட்டங்களில்தான் நேரும். 14 நிலம் வைத்த கட்டில் அதே தவிப்பு ஏறக்குறைய 48 ஆட்டங்களில் நேரும். அந்தப் பையனைத் தோற்கடித்தது விளையாட்டின் விதியன்று. அவனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தராத நாம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கத்தில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் நெல் நடுவதா, கேழ்வரகோடு நிறுத்திக்கொள்வதா, மல்லாட்டை போடுவதா என்று முடிவு செய்வார்கள். கட்டுச் சேர்ப்பதும் அதே யோசனைதான். முதலில் ஆடுபவர் நான்காவது சுற்றுக்குள் பத்துச் சீட்டுகளைப் பார்த்திருப்பார். 24 நிலம் உள்ள கட்டில் அவற்றில் சராசரியாக நான்கு நிலமாக இருக்கும். ஆகவே நான்கு மானாவுக்குள் இறங்கும் சீட்டுகளை நிறையவும், ஆறு ஏழு மானா கேட்கும் டிராகன்களை இரண்டு மூன்றோடும் வைப்பது வழக்கம். மானா தானாகவே ஊறும் என்றால் இந்த யோசனைக்கே வேலை இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு நிறத்தில் இருக்கிறது. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த விளையாட்டில் சமவெளி வெள்ளை மானாவையும், தீவு நீலத்தையும், சதுப்பு கருப்பையும், மலை சிவப்பையும், காடு பச்சையையும் தருகின்றன. சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். லைட்னிங் போல்ட் என்ற சீட்டை இறக்க ஒரு சிவப்பு மானா போதும். எதிராளி இறக்கும் சீட்டைச் செல்லாததாக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்கு நீலம் இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே கட்டில் வைக்க விரும்புபவர் மலைக்கும் தீவுக்கும் இடத்தைப் பங்கிட வேண்டும், தேவையான நேரத்தில் தேவையான நிறம் வராமல் போகும் அபாயத்தையும் ஏற்க வேண்டும். எந்த நிறத்துக்கும் செலவாகும் மானாவைக் கொடுத்துவிட்டால், ஐந்து நிறங்களிலும் சிறந்ததைப் பொறுக்கிச் சேர்த்த ஒரே மாதிரிக் கட்டைத்தான் சில வாரங்களில் எல்லோரும் கொண்டுவருவோம். அதிகச் சீட்டு வாங்க வசதியுள்ளவரே வெல்வார். அந்தப் பையன் அப்போதும் தோற்பான்.

போன மாதம் நடந்த ஓர் ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நீல ஆட்டக்காரர் தம் சுற்றில் எதையும் இறக்காமல், இரண்டு தீவுகளைத் திருப்பாமல், அதாவது அவற்றின் மானாவைச் செலவிடாமல், நிமிர்த்தியே வைத்து, சும்மா 'உங்கள் சுற்று' என்றார். எதிரில் இருந்தவர் ஒரு சீட்டைப் பாதி உருவினார், தீவுகளைப் பார்த்தார், மறுபடி கைக்குள் செருகிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மேசையில் தெரியும் நிலங்களை வைத்து எதிராளியின் கையை ஊகிக்கும் அந்த நிமிடம் உங்கள் புதிய விதியில் இருக்காது. ஒரு பச்சை மானாவைத் தருவதையே வேலையாகக் கொண்ட லானோவர் எல்வ்ஸ், கட்டில் நிலம் தேடி எடுக்கும் ரேம்பன்ட் குரோத், நிலத்தையே அழிக்கும் ஸ்டோன் ரெயின் போன்றவற்றில் சில மதிப்பிழக்கும், சில அர்த்தமே இழக்கும்.

2014இல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டு விளையாட்டில் மானா தானாகத்தானே பத்து வரை கூடுகிறது என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஒரு நாயக வகுப்பைத் தேர்ந்துகொண்டுதான் கட்டுச் சேர்க்க முடியும். இங்கே நிறம் போடும் வேலியை அங்கே வகுப்பு போடுகிறது. அந்த விளையாட்டின் சீட்டுகள் தொடக்கத்திலிருந்தே அதற்கென்று அமைந்தவை.

தவிப்பைக் குறைக்க விளையாட்டிலேயே வழி இருக்கிறது. 2019 முதல் நடப்பில் உள்ள மல்லிகன் (தொடக்கக் கையை மாற்றும்) விதிப்படி, கை பிடிக்காவிட்டால் மறுபடி ஏழு சீட்டுகளையே எடுத்துப் பார்த்து, எத்தனை தடவை மாற்றினோமோ அத்தனை சீட்டுகளைக் கட்டின் அடியில் வைத்தால் போதும். நாமோ இன்னும் பழைய முறையில் ஏழுக்குப் பதில் ஆறுதான் எடுக்கச் சொல்கிறோம். புதியவர்களுக்கு முதல் மாற்றத்தை இலவசமாகவே விடலாம். கலைப்பதிலும் நாம் கவனமாக இல்லை: ஆட்டம் முடிந்ததும் நிலங்களை ஒரே குவியலாக வாரிச் சேர்த்து, வியர்வையில் ஒட்டும் சீட்டுகளை இரண்டு தடவை வெட்டி வைத்துவிட்டு, நிலம் கூட்டமாக வருகிறது என்று குறைப்படுகிறோம். ஏழு தடவையாவது இரு பாதிகளையும் கோத்துக் கலைக்க வேண்டும்.

வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகவே வருகிறேன். என்னிடம் உபரியாக இருக்கும் காடு, மலை, தீவுச் சீட்டுகளையெல்லாம் எடுத்து வருகிறேன். அந்தப் பையனையும் வரச் சொல்லுங்கள். அவன் கட்டை அவனோடு உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறேன். அன்று அவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு உங்கள் முடிவை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து வரும் உங்கள் உறுப்பினர்