பிள்ளை கேள்வி கேட்கலாமா? ஒட்டுசுட்டானில் இருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே வளவில் இருக்கும் நீங்கள் மூன்று குடும்பங்களும், அடுத்த தவணையிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல், காலையில் தேவாரத்தோடு தொடங்கி, வயலும் தோட்டமும் புத்தகமுமாக வீட்டிலேயே படிப்பிக்கப் போவதாக எழுதியிருந்தாய். நெடுங்காலம் கிளிநொச்சியில் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த நானாவது உன் பக்கம் நிற்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இதே எண்ணம் வேறு பெற்றோருக்கும் இருப்பதால், பதிலை அவர்களும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

பாடசாலையைப் பற்றிய உன் குறைகளில் பெரும்பாலானவை உண்மை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தரம் 3இலேயே ரியூசனுக்குப் போகத் தொடங்கும் பிள்ளை, வினாத்தாளில் வராத எதையும் அறிய விரும்பாத பிள்ளையாக மாறுவதை நானே வகுப்பில் பார்த்திருக்கிறேன். அது பெரிய இழப்பு. அதைப் பற்றி உன்னோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் உன் கடிதத்தில் இரண்டு ஆசைகள் சேர்ந்து நிற்கின்றன. பிள்ளைகள் சைவ நெறியில் உறுதியாக வளர வேண்டும் என்பது ஒன்று. அவர்கள் தாங்கள் விரும்பியதைத் தாங்களே தேடிக் கற்க வேண்டும் என்பது மற்றது. முதலாவதில் வழியைப் பெரியவர்கள் அறிவார்கள், இரண்டாவதில் வழியைப் பிள்ளை தேட வேண்டும். வீட்டுக் கல்வி பெரிதாகப் பரவிய அமெரிக்காவிலும் இந்த இரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்தே வந்தன. ஜோன் ஹோல்ட் போன்றவர்கள் பிள்ளையின் இயல்பான அறிவார்வத்தை நம்பிப் பாடசாலையை விட்டு விலகச் சொன்னார்கள். மதப்பற்றுள்ள பெற்றோர் தங்கள் வேதத்தை நம்பி விலகினார்கள். அங்கே 1972இல் அமிஷ் என்னும் கிறிஸ்தவ சமூகத்தவரின் வழக்கில், எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளை மறித்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வில்லியம் டக்ளஸ் என்ற நீதியரசர் மட்டும் ஓரளவு வேறுபட்டார். பெற்றோரின் நம்பிக்கையைக் கேட்ட நாம், அந்தப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்பது அவருடைய நிலைப்பாடு. உன் கடிதத்தை வாசித்த நேரம் முழுவதும் அந்தக் கேள்விதான் என் மனத்தில் நின்றது.

நான் சொல்வது விளங்க வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை எடுத்துக்கொள். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, அந்தக் கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரிப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. உன் சின்னவன் ஒருநாள், "உப்புத் தண்ணீர் எப்படி அம்மா எரியும்?" என்று நிச்சயமாகக் கேட்பான். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று ஒருவர் வாயை அடைக்கலாம். "அதெல்லாம் சும்மா கதை" என்று இன்னொருவர் தட்டிவிடலாம். இரண்டும் அந்தப் பிள்ளையின் தேடலை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அவனைக் கோயிலுக்குக் கூட்டிச் செல். அங்குள்ள முதியவர்களிடம் அவனே கேட்கட்டும். வீட்டில் மூன்று சிட்டிகளில் தேங்காயெண்ணெயும் கிணற்றுத் தண்ணீரும் கடல்நீரும் விட்டுத் திரி போட்டு, நீ பக்கத்தில் இருக்க, அவன் கொளுத்திப் பார்க்கட்டும். கண்டதையும், அம்மம்மா நம்புவதையும், தனக்கு இன்னும் விளங்காததையும் கொப்பியில் எழுதி வைக்கட்டும். அந்த மூன்றும் ஒரே பக்கத்தில் பல வருடங்கள் கிடந்தாலும் அவசரமில்லை. நான் அந்த விளக்கின் முன் கைகூப்புகிறவள். பிள்ளைகள் எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறார்கள், என் கும்பிடு குறைந்ததில்லை. கேள்வியைத் தாங்காத பக்தியைப் பிள்ளைக்குக் கொடுத்தால், பதினெட்டு வயதில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன முதல் மாதத்திலேயே அவன் அதைக் கைவிட்டுவிடுவான்.

சேர்ந்து கற்பதற்கு வெளியிலிருந்து முறை தேட வேண்டியதுமில்லை. எங்கள் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு எப்படி நடக்கிறது? ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்ல, சுற்றியிருப்பவர்கள் கேட்டிருப்பார்கள். அதை உங்கள் திண்ணைக்குக் கொண்டுவா. ஒரு பிள்ளை பதிகத்தை வாசிக்க, இன்னொரு பிள்ளை தன் சொல்லில் பயன் சொல்லட்டும்; மறுநாள் மாறிக்கொள்ளட்டும்; பிழையென்று படுவதை இடைமறித்துக் கேட்கும் உரிமை கடைசிப் பிள்ளைக்கும் இருக்கட்டும். கணக்கும் அப்படித்தான். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்றால் உங்கள் காணிக்கு எவ்வளவு வேண்டும், மழை பிந்தினால் மறு விதைப்புக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று காலபோகத்தில் பெரியவர்களோடு இருந்து கணக்குப் பார்க்கும் பிள்ளைக்குப் பின்னம் தானாக வரும். அட்சரகணிதம் தானாக வராது. அதற்கு யாராவது ஒருவர் தினமும் இருந்து படிப்பிக்க வேண்டும். அந்த ஒருவர் உங்கள் மூன்று வீட்டிலும் யார் என்பதை நீ எழுதவில்லை.

இனிப் பாடசாலைக்கு வருகிறேன். பிள்ளைகளின் பெயரை வெட்டாதே என்பதுதான் என் உறுதியான கருத்து. இந்த நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. வலயக் கல்விப் பணிமனையில் நேரே பேசாமல் எந்த முடிவும் எடுக்காதே. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்று நீ எழுதியது சரி. ஆனால் ஆய்வுகூடத்தில் கைவைத்துப் பார்க்காத பிள்ளைக்கு விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் எண்ணிப்பார். இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் வகுப்பு நடத்திய மண் இது. காணி உறுதிகளோடு பரீட்சைச் சான்றிதழ்களையும் பையில் சுற்றிக்கொண்டு ஓடிய சனங்கள் நாங்கள். அந்த வழியைப் பிள்ளையைக் கேட்காமல் அடைக்க எங்களுக்கு உரிமையில்லை.

சைவத்துக்காகத்தானே என்று நீ சொல்லக்கூடும். மிஷன் பாடசாலைகளில் சைவப் பிள்ளைகள் நெறி மாறுகிறார்கள் என்று வருந்திய நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளை வீட்டில் மறிக்கச் சொல்லாமல் இன்னொரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார் அவர். 1970களில் வவுனியாவைச் சூழ டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் என்ற தொண்டு அமைப்பு, மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காணியோடு பாலர் பள்ளிகளையும் கொடுத்தது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தச் சேவையை வன்னி மறந்துவிடக் கூடாது. இந்த இரண்டு முயற்சியும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கதவைத் திறந்து வைத்தவை. உங்கள் வளவுக்கு வெளியே மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைக்கும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது, பள்ளிவாசலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து வளர்வதை எந்தத் தேவாரமும் தடுக்கவில்லை.

ஆகவே ரியூசனை நிறுத்து; பாடசாலையை நிறுத்தாதே. காலை ஒரு மணித்தியாலமும் பின்னேரமும் சனி, ஞாயிறும் உங்கள் திண்ணையில் நீ எழுதிய எல்லாவற்றையும் செய்யலாம். முதலில் தரம் 7இல் படிக்கும் உன் மூத்தவளிடம், நீங்கள் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவள் என்ன விரும்புகிறாள் என்று எனக்கு எழுதச் சொல். கடிதத்தை நீ பிரித்துப் பார்க்காமல் அனுப்பு. அவள் எழுதுவதையும் வைத்துக்கொண்டு, தைப்பொங்கல் கழிய நான் வந்து உன்னோடு இருந்து நேரசூசி போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா