இரவில் செல் எங்கே இருக்க வேண்டும்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடைத்தாளில் கையெழுத்துப் போட வந்தபோது உங்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னீர்கள். "செல்லப் பிடுங்குனா வீட்டையே ரெண்டாக்குதான் சார், நான் என்ன செய்ய?" இங்கே முதல் பீரியடில், புத்தகத்தை நட்டமாக நிறுத்தி அதன் பின்னால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். கேட்டால் "தலவலி சார்" என்பார்கள்.

பிள்ளைகளின் படுக்கையறையில் செல், டிவி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரி, நம் ஊரில் எத்தனை வீட்டில் பிள்ளைக்கென்று தனி அறை இருக்கிறது? பட்டாசலில் வரிசையாகப் பாய் விரித்துத்தான் படுக்கிறோம். அதனால் விதியைப் பாயோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாய் விரித்த பிறகு கை எட்டும் தூரத்தில் எந்தச் செல்லும் இருக்கக் கூடாது. உங்கள் செல்லும்தான். சார்ஜரை அடுக்களையில் மாட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வையுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஒன்பது மணி? 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், 13 முதல் 18 வரை 8 மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. பஸ்ஸைப் பிடிக்க ஆறு மணிக்கு எழும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதுக்குத் தூங்கினால்தான் கணக்கு சரியாக வரும். திரை வெளிச்சம் மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோனைத் தள்ளிப்போடும். அதனால் சின்னவர்களுக்கு எட்டு மணிக்கே நிறுத்துவது நல்லது.

சவூதியிலும் துபாயிலும் வேலை பார்க்கும் அப்பாக்கள் நம் பள்ளியில் நிறைய. இங்கே ராத்திரி பத்து என்றால் சவூதியில் ஏழரை. டூட்டி முடிந்து அவர் வீடியோ காலில் வருகிற நேரம் அதுதான். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே அங்கே கிடக்கிறார், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் "அப்பாட்ட பேசிட்டுத் தாரேன்" என்று வாங்கிய செல், பேசி முடிந்து ஒரு மணி நேரமாகியும் போர்வைக்குள் வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். பேச்சு அம்மா கையில் தொடங்கி அம்மா கையிலேயே முடியட்டும். பள்ளி நாட்களில் சின்னவர்களை எழுப்பாமல், விடுமுறை நாளில் பகலில் சாவகாசமாகப் பேசலாம். இதை அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம்.

ராத்திரி பீடி சுற்றும் தாய்மார்களுக்கு சீரியல்தான் துணை, தெரியும். திரையைப் பிள்ளை படுக்கும் பக்கம் திருப்பாமல், சத்தத்தைக் குறைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளைகள் இரண்டு சாக்கு சொல்வார்கள். ஒன்று, அலாரம். ஒரு கடிகாரம் வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம். அடுத்த திங்கள் முதல் வீட்டுப்பாடம் டைரியில் மட்டும்தான் வரும். மாலை ஆறு மணிக்கு மேல் ஆசிரியர்கள் குழுவில் எதுவும் போட மாட்டார்கள்.

கோபத்தில் பிடுங்கிய அன்று விதி போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதல் வாரம் ரகளை இருக்கும். அப்புறம் அடங்கும். ஆச்சி, தாத்தா ரகசியமாகக் கொடுக்காமல் இருந்தால் சீக்கிரமே அடங்கும்!

பிள்ளை கையில் தனிச் செல் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் என்கிற ஆப் மூலம் படுக்கும் நேரத்தில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குப் பெற்றோர் கூட்டத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் அதைச் செய்து காட்டுவார். உங்கள் செல், பிள்ளையின் செல் இரண்டையும் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்