உப்புக் கணக்கு

சிவமயம்

தேவகோட்டை,
ஆடி 6

அன்புள்ள மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

நானும் ஆத்தாவும் நலம். நீ சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பெரிதாக்கி வைத்து இரண்டு முறை படித்தேன். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 142, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 34, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 260. அதற்குக் கீழே, "எனக்குத் தொப்பை கூட இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் இதைப் பேச ஆரம்பித்தால் நீ பேத்தியை முன்னால் நிறுத்திப் பேச்சை மாற்றிவிடுகிறாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எனக்கும் தொப்பை கிடையாது. சென்ற மாசியில் நெஞ்சை அழுத்திய அந்த இரவில், அதனாலேயே அதை வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வளவுத் தூணில் சாய்ந்து இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன். தோளில் கிடந்த துண்டு பிழியும் அளவுக்கு வேர்வையில் நனைந்திருப்பதை ஆத்தாதான் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் கார் வந்தது, இதயக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்தார்கள். சலீம் யூசுஃப் என்ற மருத்துவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், நம் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், மற்ற நாட்டவருக்கு அது 59ஐ ஒட்டி வருகிறது என்றும் தெரியவந்தது. உனக்கு இப்போது 36. கையில் இருக்கிற வருடங்களை வைத்து என்ன செய்யலாம் என்பதற்காகத்தான் நான் கண்ட கணக்கை உனக்கு அனுப்புகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டார். நாற்பது வருடம் கடைப் பேரேடு எழுதிய என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே மளிகைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு நாற்பது நாளில் தீர்ந்திருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே. கடையில் வாங்கிய அப்பளமும் மோர் மிளகாயும் ஊறுகாயும் இந்தப் பன்னிரண்டரையில் சேரவே இல்லை. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, இரத்தத்தின் அளவும் அழுத்தமும் கூடுகின்றன, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் கூடுதல் பாரத்தைத் தள்ளுகிறது. எத்தனை வருடமாக என் நெஞ்சு இதைச் செய்தது என்று எண்ணியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆத்தா எதையும் வேகவைத்துக் கொட்டும் பத்தியச் சாப்பாடாக மாற்றவில்லை. முதலில் ஊறுகாய் ஜாடியைச் சாப்பிடும் இடத்திலிருந்து வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்கு எடுத்துப் போனாள். பிறகு குழம்புக்கு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மிளகு, சீரகம், கல்பாசி, பூண்டு, புளி ஆகியவற்றை அப்படியே வைத்தாள். நம் செட்டிநாட்டுச் சமையலுக்கு வாய்த்த பெரிய வசதி இது: மசாலாவின் வாசம் நிறைந்திருப்பதால் உப்புக் குறைவது நாக்குக்குச் சட்டென்று தெரியாது. முதல் இரண்டு வாரம் சப்பென்றுதான் இருந்தது. இப்போது வெளியில் விசேஷத்துக்குப் போனால் சாம்பார் கரிக்கிறது. இந்துப்பு நல்லது என்று உன் நண்பர்கள் சொன்னால் நம்பாதே, அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பைப் பற்றி நானே கேட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து என்று மருத்துவர் எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். சித்திரை முதல் தேதி பிரித்த பாக்கெட் ஆனிக் கடைசியில்தான் தீர்ந்தது. ஆளுக்கு ஐந்தரை கிராம் வருகிறது. இன்னும் இறங்க வேண்டும்.

எண்ணெய் மாதம் ஐந்து லிட்டரிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் விடவில்லை, அவற்றில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு. நெய்யில் பாதிக்கும் மேலேயும் பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் அதுதான். அது மிகுந்தால் ஈரல் எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து எடுப்பது குறைந்துபோகிறது. எடுபடாத எல்.டி.எல். இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கிக் கொழுப்புப் படிவாகிறது, அந்தப் படிவு ஒருநாள் வெடித்து மேலே இரத்தம் உறையும்போதுதான் என் போன்றவர்கள் தூணில் சாய்கிறார்கள். என் அப்பத்தா காலத்தில் தேன்குழலும் சீப்புச்சீடையும் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் சட்டி வைத்தால்தான் உண்டு. இன்றைக்குக் காரைக்குடியில் எந்தத் தெருவிலும் எந்த நாளும் பாக்கெட்டில் கிடைக்கிறது, நானும் மாலைதோறும் காப்பியோடு ஒரு கை அள்ளினேன். பலகாரத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, விசேஷத்தைத் தினசரி ஆக்கிக்கொண்டது என் தவறு. ஒரு வெள்ளைப் பணியாரத்தைப் பழைய செய்தித்தாளில் வைத்துப் பார், எடுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தாள் கண்ணாடியாகியிருக்கும். காலை உணவாக நான் ஆறு சாப்பிடுவேன்.

உன் தாளில் என்னை உறுத்துவது ட்ரைகிளிசரைடு. அது 150க்குள் இருக்க வேண்டும். அது எண்ணெயால் மட்டும் ஏறுவதில்லை. தேவைக்கு மேல் உள்ளே போகும் வெள்ளைச் சோற்றையும் சர்க்கரையையும் மைதாவையும் ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. நீ ஒரு நாளைக்கு மூன்று முறை கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் குடிப்பதாக மருமகள் சொன்னாள். உங்கள் ஊரில் 2022 டிசம்பர் முடிவிலிருந்து பான பாட்டில்களில் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை தரம் அச்சிடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கு. தேநீரைச் சர்க்கரை இல்லாமல் கேள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயை வை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. நாங்கள் ஒரு நாள் நிறுத்துப் பார்த்தபோது இருவருக்கும் சேர்த்தே முந்நூறு தேறவில்லை.

பயறும் கொள்ளும் வாரத்தில் நான்கு நாளாவது இருக்கட்டும். அவற்றில் உள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீரைத் தண்ணிச்சாறு எப்படி வைப்பது என்று ஆத்தா மருமகளுக்குத் தனியே எழுதியிருக்கிறாள்.

ஒன்றை மறந்துவிடாதே: சாப்பாட்டைத் திருத்திய பிறகும் நான் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. உன் மருத்துவர் மாத்திரை எழுதினால் என் உப்புக் கணக்கைக் காட்டி அதைத் தள்ளாதே.

வரும் வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் பார்சல் கொடுக்கிறோம். கொள்ளு இரண்டு கிலோ, பச்சைப்பயறு இரண்டு கிலோ, கல்பாசி ஒரு பொட்டலம், பேத்திக்குத் தேன்குழல் கால் கிலோ. ஊறுகாய் இந்த முறை இல்லை. ஆத்தா மனம் கேட்காமல் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டினாள், நான்தான் எடுத்து வைத்தேன். ஐப்பசியில் மறுபடி இரத்தம் பார்த்துத் தாளை அனுப்பு. உப்புக் கணக்கு எழுதும் பேரேட்டில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த மூன்று எண்களையும் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி