புதிய மொழி வகுப்புக்குப் போகும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி, இந்த மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்லிப் பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். "எது ஈஸி அத்தை?" என்று நீ கேட்டதையும் சொன்னார். அதற்குக் கடைசியில் வருகிறேன். எந்த மொழியை எடுத்தாலும் வகுப்பில் உனக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள். வருடக்கணக்காக மொழி வகுப்பு எடுப்பவள் நான். பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் நடக்கிற ஒன்று தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று நினைத்து, 'எனக்கு மொழி வராது' என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு விடுகிறவர்கள்தான் அதில் அதிகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் ஜாலியாகப் போகும். வணக்கம் சொல்வது, பெயர் சொல்வது, எண்கள், நிறங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவாய். அதற்கப்புறம் ஒரு கட்டம் வரும். பாடம் நடந்துகொண்டே இருக்கும், ஆனால் நீ நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும். எரிச்சல் தொடங்குவது அங்கேதான்.

அந்த எரிச்சலின் வேர் எது என்று சொல்கிறேன். உனக்கு 12 வயது. தமிழில் அப்பாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் வாதாடுவாய், ஒரு கதையை அரை மணி நேரம் சொல்வாய். புது மொழியில் உன்னால் சொல்ல முடிந்தது, 'என் பேனா சிவப்பு' மட்டும். யோசிப்பது 12 வயதுப் பெண், பேசுவது 3 வயதுக் குழந்தை. இந்த இடைவெளி உறுத்தும், அதுவும் சொந்த மொழியில் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளுக்குத்தான் இன்னும் அதிகமாக உறுத்தும். தமிழில் நீளமாக ஒரு வாக்கியத்தை யோசித்து, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றப் பார்ப்பார்கள். பாதியில் சிக்கி நிற்பார்கள். 'நேற்று மழை பெய்ததால் நாங்கள் விளையாடப் போகவில்லை' என்று சொல்ல வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஏழெட்டுச் சொற்கள்தான் என்றால், 'மழை. விளையாட்டு இல்லை.' என்று சொல். அது போதும். கையில் இருக்கிற சொற்களுக்கு ஏற்ற மாதிரி எண்ணத்தைச் சின்னதாக்கிக்கொள்வது ஒரு திறமை. பெரியவர்கள் பலருக்குக்கூட அது வருவதில்லை.

இன்னொன்று, உனக்குப் புரிவது முதலில் வரும், பேசுவது பின்னால் வரும். ஆசிரியர் சொல்வது புரியும், பதிலும் தெரியும், வாய் மட்டும் திறக்காது. குழந்தைகள் தாய்மொழியையும் இப்படித்தான் கற்கின்றன. 'பந்தை எடு' என்றால் போய் எடுத்துவரும் குழந்தைக்குப் பந்து என்ற சொல்லை இன்னும் சொல்லத் தெரியாது. பேசாத மாதங்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதையே சாக்காக வைத்துக் கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிடாதே. எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்லும்போது உன் குரலும் அதில் இருக்க வேண்டும்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளிகளில் இதற்குத்தான் நேரம் ஒதுக்குவதே இல்லை. பிறந்த புதிதில் குழந்தைகள் உலக மொழிகளின் ஒலிகளை எல்லாம் கிட்டத்தட்ட வேறுபடுத்திக் கேட்கின்றன. ஒரு வயது ஆவதற்குள் சுற்றிலும் பேசுகிற மொழிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேறுபாடுகளைக் காது தளர்த்திவிடுகிறது. நீ பிரெஞ்சு எடுத்தால் முதல் மாதத்திலேயே இதைப் பார்ப்பாய். 'நீ' என்பதற்கு ஒரு சொல், 'எல்லாம்' என்பதற்கு ஒரு சொல். நம் காதுக்கு இரண்டுமே 'தூ' என்றுதான் விழும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவை முற்றிலும் வேறு வேறு ஒலிகள். 'எல்லாம்' என்ற சொல்லில் வருவது நம் ஊகாரத்துக்கு நெருக்கமானது, அதில் பிரச்சினை இல்லை. 'நீ' என்ற சொல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. 'ஈ' என்று நீட்டிச் சொல். நாக்கை அப்படியே வைத்துக்கொள், அசைக்காதே. இப்போது உதட்டை மட்டும் 'ஊ' சொல்வது போலக் குவி. வருகிறதே ஒரு விநோதமான ஒலி, அதுதான். இப்போதே ஒருமுறை சொல்லிப் பார். கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் உதடு குவிவது தெரியும்.

வாயால் செய்யப் பழகப் பழக, காதுக்கும் அந்த வித்தியாசம் மெல்லப் பிடிபடும். ஜப்பானிய மொழி பேசி வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டையும் பிரித்துக் கேட்பது கடினம். பலருடைய குரலில் கேட்க வைத்துப் பயிற்சி கொடுத்தால் பெரியவர்களுக்குக்கூட அந்தக் காது திருந்துகிறது என்று 1990-களில் செய்த ஆய்வுகள் காட்டின. பலருடைய குரல் என்பது முக்கியம். ஆசிரியர் குரல் ஒன்றையே கேட்டுப் பழகிய பிள்ளை, வேறு யாராவது பேசினால் விழிக்கும். ஆணின் குரல், பெண்ணின் குரல், வேகமாகப் பேசுபவர், மெதுவாகப் பேசுபவர் என்று மாற்றி மாற்றிக் கேள். முதலில் பொருள் புரியவே வேண்டாம். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபட்டால் போதும்.

இலக்கணத்தில் உனக்கு முதலில் கோபம் வரப்போவது ஆண்பால், பெண்பால் விஷயத்தில். தமிழில் பொருளைப் பார்த்தால் பால் தெரிந்துவிடும். மேசை அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் மேசை பெண்பால், ஜெர்மனில் ஆண்பால். பிரெஞ்சில் சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். ஜெர்மனில் அப்படியே தலைகீழ். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மூன்றாவது பால். பால் அங்கே சொல்லுக்கு உரியது, பொருளுக்கு உரியது இல்லை. அந்தச் சொல்லின் கடைசியில் இருக்கும் 'ஷென்', சின்னது என்று காட்டும் விகுதி. அந்த விகுதி வந்தால் எதுவாக இருந்தாலும் மூன்றாவது பால்தான். இப்படிச் சில ஒழுங்குகள் போகப்போகத் தெரியவரும். அதுவரை 'ஏன்' என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதே. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் குட்டிச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய். தனியாகப் படித்துவிட்டு அப்புறம் ஒட்டவைப்பது இரட்டை வேலை.

சுலபமாகக் கிடைக்கப் போகிறவையும் உண்டு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு இருக்கிறது. யாரை எப்படி அழைப்பது என்பது ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைக்குப் புதுப் பாடம். உனக்கு அது ஊறிப்போனது. ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். மற்றவர்கள் அங்கே தடுமாறுவார்கள், உனக்கு வீட்டுக்கு வந்தது போல இருக்கும். ஜப்பானிய மொழியோ கேட்கவே வேண்டாம். 'தோக்யோ நி இகிமாசு' என்றால் 'தோக்யோவுக்குப் போகிறேன்'. 'நி' என்பது நம் 'க்கு' மாதிரி. முதலில் ஊர், அதன் பின்னால் உருபு, கடைசியில் வினை. 'நான்' என்று சொல்லாமலே புரிந்துவிடும், தமிழில் போலவே.

இரண்டாவது டெர்ம் வாக்கில் ஒரு விசித்திரம் நடக்கும். அதுவரை சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றைத் திடீரென்று தப்பாகச் சொல்வாய். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். 'போனேன்' என்பதற்கு முதலில் 'வெண்ட்' என்று சரியாகச் சொல்லும் குழந்தை, சில மாதம் கழித்து 'கோ'வோடு இறந்தகால 'எட்' விகுதியை ஒட்டி 'கோஎட்' என்று சொல்லத் தொடங்கும். குழந்தை பின்னால் போய்விட்டதா? இல்லை. முதலில் சொன்னது கிளிப்பிள்ளையாகச் சொன்னது. இப்போது இறந்தகாலத்துக்கு ஒரு விதி இருப்பதைக் கண்டுபிடித்து, அதை எல்லா வினைக்கும் போட்டுப் பார்க்கிறது. கொஞ்ச நாளில் விதிவிலக்கும் பிடிபட்டு 'வெண்ட்' திரும்பி வரும். 1967-இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர், மாணவரின் பிழைகளே அவர் உள்ளுக்குள் என்ன விதியைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்கான தடயம் என்று எழுதினார். 1972-இல் லாரி செலிங்கர் இன்னும் ஒரு படி மேலே போய், தாய்மொழிக்கும் புது மொழிக்கும் நடுவில் மாணவர் பேசுவதே தனி ஒழுங்குள்ள ஒரு மொழி என்றார். இடைமொழி என்று அதைச் சொல்லலாம். ஆகவே நோட்டில் சிவப்பு மை அதிகமான மாதத்தில் பதறாதே. எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பார். நீ போட்டுவைத்திருக்கும் விதி எது என்று தெரியும், அதைத் திருத்துவது எளிது.

இப்போது ஒரு கணக்கு. வாரத்துக்கு 3 பீரியட், ஒன்று 40 நிமிடம் என்று வைத்துக்கொள். 2 மணி நேரம். விடுமுறை, தேர்வு எல்லாம் போக 35 வாரம் என்றால் வருடத்துக்கு 70 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் வேலைக்குத் தேவையான அளவு பிரெஞ்சு பேச ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும், ஜப்பானிய மொழிக்கு 2200 ஆகும் என்பது அவர்கள் அனுபவக் கணக்கு. படிப்பதையே முழு நேர வேலையாகச் செய்யும் பெரியவர்களுக்கே இந்த அளவு. ஒரு வருடம் படித்தும் படம் பார்த்தால் புரியவில்லையே என்று நீ வருத்தப்பட்டால் அந்த வருத்தத்தில் நியாயமே இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் மொழித் திறனை ஆறு படிகளாக வகுத்தது. முதல் படி ஏ1. தன்னை அறிமுகம் செய்துகொள்வது, தனக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்வி பதில், அதுவும் எதிரில் இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி, உதவவும் தயாராக இருந்தால். ஒன்றிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் இந்தப் படியில் நன்றாகக் கால் ஊன்றினால் அது நல்ல தேர்ச்சி. யாராவது 'இவ்வளவுதானா?' என்றால் இந்தக் கணக்கைக் காட்டு.

கணக்கில் இன்னொரு பகுதி இருக்கிறது. வகுப்பில் 40 பேர் என்றால், ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். எவ்வளவு நல்ல ஆசிரியராலும் இதை மாற்ற முடியாது. அதனால் அன்றைய பாடத்தை வீட்டில் சத்தம் போட்டுப் படி. உன் வாய்க்கு வேறு எங்கும் அந்த நேரம் கிடைக்காது.

மறதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்கப்புறம் மறதி மெதுவாகிறது. திங்கள்கிழமை படித்த 20 சொல் செவ்வாய்க்கிழமை பாதி இல்லை என்றால் உன் மூளையில் குறையில்லை. அடுத்த நாள் பத்து நிமிடம், மூன்று நாள் கழித்துப் பத்து நிமிடம், ஒரு வாரம் கழித்துப் பத்து நிமிடம் என்று பிரித்துப் படி. படிக்கும்போது பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்க்காதே. மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு படிப்பது ஏன் மார்க் தருகிறது, ஏன் மொழி தருவதில்லை என்பது இதில் விளங்கும்.

மார்க் நன்றாக வரும், நீ வாங்குவாய். பள்ளித் தேர்வு பெரும்பாலும் எழுத்துதான். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு ஒரு வாக்கியம் பேச வராதவர்களும் உண்டு, அறுபது வாங்கிவிட்டுத் தைரியமாகப் பேசுகிறவர்களும் உண்டு. மொழிபெயர்க்கும் செயலியில் வீட்டுப்பாடம் எழுதுகிறவர்களும் வகுப்பில் இருப்பார்கள். நீ முதலில் உனக்குத் தெரிந்ததை வைத்து எழுது, அப்புறம் செயலியோடு ஒப்பிட்டுப் பார். அந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்களைப் பற்றி 1978-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் சில மாதங்களில் டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள், குட்டிக் குழந்தைகள் இல்லை. உன் வயதுதான்.

சரி, எது ஈஸி? ஜப்பானிய மொழியில் வாக்கியம் உனக்குத் தமிழ் மாதிரி வரும், ஆனால் எழுத்து மலை. இரண்டு அடிப்படை வரிசைகளில் 46, 46 எழுத்துகள், அதற்கு மேல் அன்றாடத்துக்கு என்று அவர்கள் அரசு வகுத்த 2136 'கான்ஜி' எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். பள்ளியில் அதில் ஒரு சிறு பகுதிதான் வரும். பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று, சொல்லின் கடைசி எழுத்துகள் பலவற்றை உச்சரிப்பதே இல்லை. ஜெர்மனில் எழுதியபடி வாசிக்கலாம், ஆனால் வேற்றுமைக்கு ஏற்பப் பெயர்ச்சொல்லின் முன்னால் வரும் குட்டிச் சொல் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றையும் எடை போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன். தோழிகள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுப்பதில் தப்பில்லை. சொல்லப்போனால் வகுப்புக்கு வெளியே பேச ஓர் ஆள் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அதைவிட நல்ல காரணம், அந்த மொழியில் நீயாகவே விரும்பிப் பார்க்கவும் கேட்கவும் உனக்கு ஏதாவது இருப்பது. மூன்று மொழியிலும் கார்ட்டூனோ பாட்டோ எடுத்து ஒரு மாலை நேரம் பார். எதை நிறுத்த மனசு வரவில்லையோ அதைப் படிவத்தில் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார், மறந்துவிடாதே.

அன்புடன்,
அத்தை